நூற்றைம்பத்தெட்டு கிலோ எங்கே போயிற்று

என் இசக்கி அண்ணனுக்கு,

மூச்சு முட்டாத ஓர் இடத்தில் நீ இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். நீ போய் ஐந்து வருஷம் ஆகிறது. இதுவரை உனக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. வருஷா வருஷம் திவசத்துக்கு ராயகிரிக்கு வருவேன், உன் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்பேன், மதினி கொடுக்கிற காப்பியைக் குடித்துவிட்டுத் தென்காசிக்குத் திரும்பிவிடுவேன். உன்னிடம் பேச என்ன இருக்கிறது என்றே இருந்துவிட்டேன். இப்போது இருக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணே.

ஒரு மாதமாகக் குளியலறைக் கதவைத் தாழ் போடாமல்தான் குளிக்கிறேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைக்காவிட்டால் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிறேன். சாரல் உள்ளே அடிக்கிறது, மெத்தையெல்லாம் ஈரமாகிறது, ஜன்னலை மூடு என்று உன் மாப்பிள்ளை சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். மூடினால் என்னால் மூச்சு விட முடியவில்லை. காற்று இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்லுகிறேன். நீ இருந்தபோது நான் பள்ளிக்கூடத்து லேபில்தான் வேலை பார்த்தேன். நீ போன மறு வருஷம் அதை விட்டுவிட்டு, குற்றாலத்துக்கும் செங்கோட்டைக்கும் நடுவே இருக்கிற ஒரு சின்னக் கெமிக்கல் கம்பெனியில் சேர்ந்தேன். மொத்தம் எட்டுப் பேர். கெமிஸ்ட் நான் ஒருத்திதான். கால்சியம் குளோரைடு செய்கிறோம். அதுவும் ஒரு வகை உப்புத்தான். கொல்லம் பக்கத்து ஐஸ் கம்பெனிகள் வாங்குகின்றன. ஐஸ் அச்சுகளைச் சுற்றி நிற்கிற தண்ணீரில் இதைக் கலந்தால், எவ்வளவு குளிர்ந்தாலும் அந்தத் தண்ணீர் உறையாது.

செய்முறை பெரிய வித்தை ஒன்றுமில்லை. சுண்ணாம்புக்கல் ஜல்லியைத் தொட்டியில் கொட்டி, ஆசிட்டை மெதுவாக விட வேண்டும். சோடா பாட்டிலை உடைத்த மாதிரி நுரைத்துக்கொண்டு கல் கரையும். என் வேலை கணக்கு. இவ்வளவு கல் போட்டால் இவ்வளவு உப்பு வர வேண்டும், எவ்வளவு வந்தது, ஏன் குறைந்தது என்று ஒவ்வொரு பேட்சுக்கும் எழுத வேண்டும். எண்பத்தாறு சதவீதம் வந்துகொண்டிருந்ததைத் தொண்ணூற்று மூன்றாக ஆக்கினேன். அடியில் தங்குகிற கசடை வெந்நீரில் இன்னொரு தடவை அலசச் சொன்னேன், அவ்வளவுதான். அதற்காக முதலாளி தீபாவளிக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

நீ ஒரு தடவை கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? "இத்தன வருஷம் படிச்சு அப்படி என்னட்டி கண்டுபிடிச்ச?" என்றாய். நான் என்னவோ சொல்லி மழுப்பினேன். இப்போது கேட்டால் இதைத்தான் சொல்லுவேன். நூறு கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல், அதற்கு எழுபத்து மூன்று கிலோ ஆசிட். நூற்று எழுபத்து மூன்று கிலோ உள்ளே போகிறது. வெளியே வருவது நூற்றுப் பதினொரு கிலோ உப்பு, பதினெட்டு கிலோ தண்ணீர், நாற்பத்து நான்கு கிலோ வாயு. கூட்டிப் பார், அதே நூற்று எழுபத்து மூன்று. போட்டது எதுவும் இல்லாமல் போவதில்லை. வேறு உருவத்தில் எங்கேயோ இருக்கிறது. எங்கே என்று கேட்க வேண்டியதுதான் படித்தவளின் வேலை. அந்தக் கேள்வியைத்தான் நான் கேட்காமல் இருந்தேன்.

போன வருஷம் பேட்சைப் பெரிதாக்கினோம். இருநூற்றைம்பது கிலோ கல்லை நானூறாக்கினார்கள். சரி என்று கையெழுத்துப் போட்டது நான். எங்கள் கல்லில் பத்தில் ஒன்பது பங்குதான் சுண்ணாம்பு, மீதி மண்ணும் மணலும். ஆக முந்நூற்று அறுபது கிலோ சுண்ணாம்பு. அதிலிருந்து நூற்றைம்பத்தெட்டு கிலோ வாயு. எங்கள் தொட்டி எடைக் கருவியின் மேல் நிற்கிறது. ஆசிட் விட விட, அதன் திரையில் வர வேண்டிய எண்ணும் இருக்கிற எண்ணும் விலகிக்கொண்டே போகும். முடியும்போது சரியாக அவ்வளவு குறைந்திருக்கும். அதைத் தாளில் ஒரு தனிக் கட்டத்தில் எழுதி வைத்திருந்தேன்.

முதலாளி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"என்ன மேடம், நூத்தம்பத்தெட்டு கிலோ குறையுதுன்னு எழுதிருக்கீங்க?"

"குறையல சார். அது கேஸு. கல்லுக்குள்ள இருந்தது வெளிய போவுது."

"போவாம பிடிக்க முடியாதா?"

"அதுக்குத் தனி மிஷின் வேணும் சார்."

"அப்ப அந்தக் கட்டத்த எடுத்திருங்க. வாங்குதவன் பாத்தா நாம என்னமோ வீணாக்குதோம்னு நினைப்பான்."

எடுத்துவிட்டேன், அண்ணே. ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. கட்டம் இருந்த இடத்தில், பாடப் புத்தகத்தில் போடுகிற மாதிரி வாயுவின் பெயரை எழுதி, பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்பு மட்டும் போட்டேன். வாயு வெளியேறியது என்று அர்த்தம். மேலே போனது, தொலைந்தது, இனி நம் பொறுப்பில்லை என்று அர்த்தம்.

ஆனால் அது மேலே போகிற வாயு இல்லை. கரியமில வாயு காற்றைவிடக் கனம். விட்டால் தண்ணீர் மாதிரி பள்ளத்தைத் தேடி ஓடும். இது பத்தாம் வகுப்புப் பாடம். அதனால்தான் தொட்டியிலிருந்து ஒரு பைப் போட்டு, பின்பக்கச் சுவர் வழியாகக் கூரைக்கு மேலே கொண்டுபோய்க் காற்றில் விட்டிருந்தார்கள். அங்கே ஆரியங்காவுக் கணவாயிலிருந்து எப்போதும் காற்று அடித்துக்கொண்டே இருக்கும். அடித்துக்கொண்டு போய்விடும் என்று நம்பினோம்.

அந்தச் சுவருக்குப் பின்னால்தான் கசடுக் குழி. பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி ஆழம். கரையாத மண்ணும் மணலும் அங்கே போய்ச் சேரும். மாதம் ஒரு முறை தண்ணீரை இறைத்துவிட்டு ஓர் ஆள் உள்ளே இறங்கிச் சேற்றை வாளியில் அள்ளிக் கொடுப்பான். மேலே ஓர் ஆள் இழுப்பான். வேலுவும் அவன் தம்பி மாடசாமியும்தான் எப்போதும் அதைச் செய்வார்கள். வீரகேரளம்புதூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். மாடசாமிக்கு முப்பது வயதுகூட இருக்காது, போன தையில்தான் கல்யாணம் ஆனது.

அது ஒரு சனிக்கிழமை. அதற்கு முன் ஐந்து நாள் சாரலும் காற்றுமாக அப்படி அடித்தது. பின்சுவர் இருக்கிற மேற்குப் பக்கம் முழுக்கத் தார்ப்பாய் கட்டியிருந்தோம். சனிக்கிழமை காலையில் எல்லாம் நின்றுவிட்டது. வெயில் வந்தது. ஓர் இலை அசையவில்லை. குற்றாலத்துக்குப் போகிற வேன்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. அருவியில் நல்ல தண்ணீர் என்று ஊரே சந்தோஷமாக இருந்தது.

ஏழு மணிக்குத் தொடங்கிய பேட்ச் பதினொன்றரைக்கு முடிந்தது. கொல்லத்துக்காரர் ஒருவர் முழுக் கணக்கு வேண்டும், உள்ளே போனதும் வெளியே வந்ததும் எல்லாம் வேண்டும் என்று கேட்டிருந்தார். அதனால் அன்றைக்குப் பழைய கட்டத்தைத் திரும்பப் போட்டு எழுத உட்கார்ந்தேன். கல் நானூறு, ஆசிட் அதில் கலந்திருக்கிற தண்ணீரோடு சேர்த்து எண்ணூற்று எழுபத்தாறு. மொத்தம் ஆயிரத்து இருநூற்று எழுபத்தாறு. தொட்டியின் திரையில் ஆயிரத்து நூற்றுப் பதினைந்து. நூற்று அறுபத்தொரு கிலோ இல்லை. அதில் மூன்று கிலோ நீராவி, மீதி வாயு.

அப்போது கம்ப்ரஸர் பார்க்கிற டேனியல் அண்ணாச்சி வாசலில் வந்து நின்றார்.

"அந்தப் பயலுவ குழி அள்ள போயாச்சு. வெயிலு வந்துட்டுல்லா, இன்னைக்கே முடிச்சிருவோம்னு மொதலாளி சொல்லிட்டாரு. நீங்க சாப்பிடலியா மேடம்?"

"இந்தா முடிச்சிட்டேன் அண்ணாச்சி" என்றேன்.

கணக்கு சரியாக வந்திருந்தது. இவ்வளவு சரியாக அது எப்போதும் வந்ததில்லை. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அது எங்கே போயிற்று என்று எழுத வேண்டும். உப்புத் தண்ணீர், சேமிப்புத் தொட்டிக்கு. மண் நாற்பது கிலோ, பின்பக்கக் குழிக்கு. வாயு நூற்றைம்பத்தெட்டு கிலோ. அங்கே வந்ததும் கை நின்றுவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தென்னை ஓலை ஒன்றுகூட ஆடவில்லை. ஒரு கிலோ வாயு அரைக் கன மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இடம் பிடிக்கும். நூற்றைம்பத்தெட்டு கிலோவுக்கு எண்பத்தெட்டுக் கன மீட்டர். அந்தக் குழியை மூன்று தடவை விளிம்பு வரை நிரப்பலாம்.

பைப் மேலே போகிறது, கூரைக்கு மேலே போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுந்துவிட்டேன். ஓட வேண்டுமென்று நினைக்கவில்லை. கால் தானாக ஓடியது.

சுவருக்குப் பின்னால் போய்த் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தேன். ஐந்து நாள் காற்றில் பைப்பைப் பிடித்திருந்த கம்பி பிடுங்கிக்கொண்டு, மூட்டு கழன்று, பைப் இடுப்பு உயரத்தில் தொங்கியது. அதன் வாய் நேரே குழிக்கு மேலே. தார்ப்பாய் மறைத்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. காலை ஏழு மணியிலிருந்து அது அங்கேதான் கொட்டியிருக்கிறது. நிறம் இல்லை. ஒரு வாடை இல்லை.

குழி விளிம்பில் வேலு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

"ஏலே மாடசாமி, வாளியக் கட்டுலே. என்னல, அங்கன உக்காந்து தூங்குத?"

உள்ளே எட்டிப் பார்த்தேன். ஏணியின் அடியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி மாடசாமி இருந்தான். முகம் மேலே பார்த்து இருந்தது. வாய் திறந்திருந்தது.

வேலுவின் சிரிப்பு நின்றது. கயிற்றைக் கீழே போட்டுவிட்டு ஏணியில் காலை வைத்தான். நான் பின்னாலிருந்து அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"எறங்காத வேலு."

"என் தம்பிக்கா."

"தெரியும். எறங்காத. உள்ள காத்து இல்ல. நீயும் விழுந்திருவ."

"மூச்சப் பிடிச்சிட்டு எறங்குதேன். ஒரு நிமிஷம். வுடுங்க."

விடவில்லை. கத்தினேன். டேனியல் அண்ணாச்சி ஓடி வந்தார். முதலாளி வந்தார். தீயணைப்புக்கு போன் போடச் சொன்னேன். அண்ணாச்சியிடம் கம்ப்ரஸர் குழாயை இழுத்து வரச் சொன்னேன். இதையெல்லாம் வேலுவின் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டுதான் சொன்னேன். அவன் உதறினான். முழங்கை என் தாடையில் பட்டது. பல்லில் ரத்தம் வந்தது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அந்த நேரத்தில் உன் ஞாபகம் வந்ததா என்று கேட்பாய். வரவில்லை, அண்ணே. நீதான் அங்கே இருந்தாய். நான் பிடித்திருந்தது வேலுவா நீயா என்றே எனக்குத் தெரியவில்லை. ராயகிரியில் அன்றைக்கு, பாழுங்கிணற்றைத் தூர் வார இறங்கின நம் தெருச் சுப்பையா எழும்பவில்லை என்றதும் நீ இறங்கினாய். கிணற்றைச் சுற்றிப் பதினைந்து பேர் நின்றிருக்கிறார்கள். நான் வந்து சேர்ந்தபோது இரண்டு பேரையும் வெள்ளை வேட்டியில் மூடியிருந்தார்கள். ஏன் யாரும் என் அண்ணனைப் பிடிக்கவில்லை என்று ஒவ்வொருவரையும் சட்டையைப் பிடித்துக் கேட்டேன். "பிடிச்சோம் தாயி. உதறிட்டு எறங்கிட்டான்" என்றார்கள். நான் நம்பவில்லை. ஐந்து வருஷமாக நம்பவில்லை. வேலு உதறியபோதுதான் நம்பினேன்.

டேனியல் அண்ணாச்சி ஒரு காரியம் செய்தார். கம்பி நுனியில் துணியைச் சுற்றி மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்திக் குழிக்குள் விட்டார். இரண்டடிக்குள் தீ அணைந்துவிட்டது. யாரோ விரலால் நசுக்கிய மாதிரி, பட்டென்று. வேலு அதைப் பார்த்தான். அவன் உடம்பு என் கைக்குள் தளர்ந்தது.

குழாயின் நுனியில் இரும்புத் துண்டைக் கட்டி மாடசாமியின் முகத்துக்கு நேரே இறக்கினோம். கம்ப்ரஸர் போட்டதும் காற்று சீறிக்கொண்டு போனது. முதலாளி தார்ப்பாயை அறுத்துத் தள்ளினார். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான்கு நிமிஷமா, ஆறு நிமிஷமா? கணக்குப் போடுவதுதான் என் தொழில், ஆனால் அதை என்னால் சொல்ல முடியவில்லை. பிறகு மாடசாமியின் நெஞ்சு ஒரு தடவை ஏறி இறங்கியது. அண்ணாச்சி "ஏசுவே" என்று மெல்லச் சொன்னார்.

இனிமேல்தான் நான் உன்னிடம் கேட்க வேண்டியது வருகிறது.

அண்ணாச்சி மறுபடி தீயை இறக்கினார். இந்தத் தடவை அது அணையவில்லை. மங்கலாக எரிந்துகொண்டே பாதி ஆழத்துக்குப் போயிற்று.

"இப்ப எரியுதுல்லாக்கா. காத்து வந்துட்டு. இப்ப வுடுங்க" என்றான் வேலு.

தீ அணைந்தால் ஆபத்து நிச்சயம். ஆனால் எரிந்தால் ஆபத்து இல்லை என்று அர்த்தமில்லை. தீ எரிகிற காற்றிலும் அந்த வாயு ஆளைச் சாய்க்கிற அளவுக்கு இருக்கலாம். எண்பத்தெட்டுக் கன மீட்டரில் எவ்வளவு வெளியே போயிருக்கும், எவ்வளவு அடியில் நிற்கும்? எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டாவது தடவையும் அவனைப் பிடித்தேன். இந்தத் தடவை அண்ணாச்சியையும் பிடிக்கச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். "ஒறப்பாத்தான் சொல்லுதீங்களா மேடம்?" என்றார். ஆமாம் என்று பொய் சொன்னேன்.

வேலு பிறகு உதறவில்லை. அழுதான். "ஏலே தம்பி, ஏலே தம்பி" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். தீயணைப்பு வண்டி குற்றாலம் வேன்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு ஹாரன் அடிப்பது எங்களுக்குக் கேட்டது. கேட்கிறது, வரவில்லை. அந்தச் சத்தம்தான் இப்போதும் என் காதில் இருக்கிறது. வந்து, முகமூடியும் முதுகில் சிலிண்டருமாக ஒருவர் இறங்கி, மாடசாமியைக் கயிற்றில் கட்டித் தூக்கும்போது மூச்சு இருந்தது.

பிழைத்துக்கொண்டான், அண்ணே. தென்காசி ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் இருந்தான். இப்போது நடக்கிறான், சாப்பிடுகிறான், ஆளை அடையாளம் தெரிகிறது. ஆனால் சில வார்த்தைகள் வருவதில்லை. தண்ணீர் வேண்டும் என்றால் சொம்பைக் காட்டுகிறான். சட்டைப் பொத்தானை அவன் பெண்டாட்டி போட்டுவிடுகிறாள். நாளாக நாளாகச் சரியாகும் என்று டாக்டர் சொல்லுகிறார். எவ்வளவு நாள் என்று அவன் பெண்டாட்டி கேட்டதற்கு, அடுத்த மாதம் கூட்டி வாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வேலு என்னிடம் வந்தான். நன்றி சொல்ல வருகிறான் என்று நினைத்தேன்.

"மொத தடவ பிடிச்சீங்க, சரி. தீ அணைஞ்சத நானும் பாத்தேன். ரெண்டாவது தடவ ஏன்க்கா பிடிச்சீங்க? நான் அப்பவே எறங்கிருந்தா அவனுக்குப் பேச்சு போயிருக்காதுல்லா?"

நான் என்ன சொல்லட்டும்? இறங்கியிருந்தால் அவன் தம்பியைத் தூக்கியும் இருக்கலாம், தம்பி மடியிலேயே விழுந்தும் இருக்கலாம். இரண்டில் எது நடந்திருக்கும் என்று சொல்ல எந்தச் சமன்பாடும் இல்லை. "எனக்குத் தெரியல வேலு" என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு என்னோடு பேசுவதில்லை. நீயாக இருந்தால் பேசுவாயா? உன்னை யாராவது அப்படி இறுக்கிப் பிடித்து, நீ உயிரோடு இருந்து, சுப்பையா மட்டும் போயிருந்தால், பிடித்தவனை நீ மன்னித்திருப்பாயா?

விசாரணைக்கு அதிகாரிகள் வந்தார்கள். அதற்கு முந்தின நாள் முதலாளி, பழைய தாள்களையெல்லாம் அந்தக் கட்டத்தோடு திரும்ப எழுதி வைத்துவிடலாம் என்றார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அவரும் தூங்கவில்லை. முடியாது என்று சொல்லிவிட்டேன். கட்டத்தை எடுக்கச் சொன்னது அவர், எடுத்தது நான், பேட்சைப் பெரிதாக்கிவிட்டுப் பைப்பைப் போய்ப் பார்க்காததும் நான் என்று அவர்களிடம் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். எனக்கு என்ன ஆகும் என்று இன்னும் தெரியவில்லை. கம்பெனியை மூடி வைத்தார்கள். இப்போது இரும்புப் பைப், இழுத்து விடுகிற விசிறி, வாயுவை அளக்கிற மீட்டர் எல்லாம் வந்துவிட்டது. திங்கட்கிழமை திறக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ராயகிரிக்குப் போயிருந்தேன். உன் மகள் செண்பகம் இப்போது பிளஸ் ஒன். உன் உயரம் வந்துவிட்டாள். கெமிஸ்ட்ரி நோட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் எத்தனை கிராம் வாயு வரும் என்று ஒரு கணக்கு. சரியாகவே போட்டிருந்தாள். பேனாவை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அத்தை, அப்பா செத்தது இந்தக் கேஸாலயா?"

மதினி அடுப்படியில் நின்றாள். ஐந்து வருஷமாக இந்த வீட்டில் எல்லாரும் விஷவாயு என்றுதான் சொல்லுகிறார்கள். ஏதோ பாம்பு மாதிரி, சாபம் மாதிரி ஒன்று. நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

"அப்படித்தான் இருக்கும் தாயி. அந்தக் கெணத்துல வருஷக்கணக்கா எலையும் சாணியும் கெடந்து அழுகியிருக்கு. அதுலருந்து வர்றதுல இது நெறைய உண்டு. நாம மூச்சு விடுதோம்லா, அதுலயும் இதுதான் இருக்கு. கொஞ்சமா இருந்தா ஒண்ணும் செய்யாது. பள்ளத்துல சேந்துட்டா ஆளக் கொன்னுரும்."

"ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"அப்பாட்ட சொல்லிருக்கீங்களா?"

அண்ணே, அந்தப் பிள்ளை கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சொல்லவில்லை என்றேன். எம்.எஸ்ஸி. படித்த தங்கச்சி, கிணறும் பம்ப் செட்டுமாக இருக்கிற அண்ணனிடம், பாழுங்கிணற்றில் இறங்காதே, இப்படி ஒன்று இருக்கிறது என்று ஒரு நாள்கூடச் சொல்லியதில்லை. பரீட்சையில் எழுதினேன். மார்க் வாங்கினேன். அது நம் வீட்டுக் கிணறுகளில் இருக்கிற விஷயம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மதினி கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் ஏதாவது திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை அந்தக் குழியில் மறுபடி ஆள் இறங்க வேண்டும். அன்றைக்கு அள்ளாமல் விட்ட சேறு அப்படியே கிடக்கிறது. இறங்குகிறவன் வேலு. வேறு யாரும் வர மாட்டேன் என்றார்கள். அவன் வருகிறேன் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறான். எதற்கு ஒத்துக்கொண்டான் என்று எனக்குப் புரியவில்லை. தம்பி விழுந்த இடத்தை அவனுக்குப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. முதலில் விசிறி ஓட வேண்டும், பிறகு நான் மீட்டரைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கிப் பார்க்க வேண்டும். அவன் இடுப்பில் கயிறு கட்டி, மூன்று பேர் மேலே பிடிக்க வேண்டும். அன்றைக்கு ஆசிட் வால்வைத் திறக்கக் கூடாது. எல்லாவற்றையும் எழுதி ஒட்டியிருக்கிறேன். நான் சொன்னால்தான் அவன் ஏணியில் கால் வைப்பான். நான் சரி என்று சொல்ல வேண்டும், அண்ணே.

மீட்டர் பிழையாகக் காட்டினால்? விசிறி நின்றுபோனால்? கயிறு எங்கேயாவது சிக்கிக்கொண்டு, வேலு என் கண் முன்னால் சாய்ந்தால்? உனக்கு அன்றைக்கு என்ன தோன்றியிருக்கும் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. விளிம்பில் நிற்கிறவனுக்கு அந்தப் பத்தடி ஒன்றுமே இல்லை. கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போலத்தான் இருக்கும். உள்ளே ஓர் உயிர் கிடக்கும்போது வெளியே நின்று பார்ப்பதைவிடக் குதிப்பது எளிது. நீ எளிதானதைச் செய்தாய் என்று நான் சொல்லவில்லை. நீ நல்லவன், அதனால் குதித்தாய்.

ஆனாலும் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கத்தான் இவ்வளவும் எழுதினேன். திங்கட்கிழமை நான் அந்த விளிம்பில் நிற்பேன். கயிற்றை விட மாட்டேன், காற்றை நிறுத்த மாட்டேன், யாரையும் பின்னால் இறங்க விட மாட்டேன். உள்ளே விழுந்தது யாராக இருந்தாலும், அது நீயாகவே இருந்தாலும், நான் குதிக்க மாட்டேன், அண்ணே.

அன்றைக்கு உன்னைப் பிடிக்க அங்கே இல்லாமல் போன தங்கச்சி,
பேச்சியம்மாள்
தென்காசி